வட்டத்துக்கு வெளியே எடுத்த மண்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இரண்டு பெயர்கள். ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இன்னொன்று ‘தட்டு சார்’. கட்டடக் கம்பி, சிமென்ட், தண்ணீர்க் குழாய் என்று ஊருக்கு உபயோகமான பொருட்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பதுதான் கூடத்தின் வேலை. ஆனால் வானத்திலிருந்து ஏதோ இறங்கியது, தோட்டத்தில் புல் கருகிவிட்டது, விசித்திரமான உலோகம் கிடைத்தது என்று யாராவது பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றால், காவலாளி அவரை நேராக என் மேசைக்கு அனுப்பிவிடுவார். ஒரு கிறுக்கை இன்னொரு கிறுக்கு கவனித்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய நிர்வாகத் தத்துவம்.

இருபத்திரண்டு வருடத்தில் நாற்பத்தொரு பறக்கும் தட்டுப் பொட்டலங்களைப் பிரித்திருக்கிறேன். அதில் பத்தொன்பது, உலைக் கசடு. ஏழு, பழைய லாரி பிரேக் துண்டு. ‘வேற்றுலகவாசி விட்டுச்சென்ற கூழ்’ என்று ஐஸ் பெட்டியில் வைத்து மூன்று பேர் காவலோடு கொண்டுவந்த ஒன்று, குழந்தை டயப்பருக்குள் இருக்கும் பொடி மழையில் ஊறி உப்பியது. அந்த அறிக்கையைத் தலைகுனிந்துதான் தட்டச்சு செய்தேன். வேற்றுலகம் கைவிட்டதே என்ற வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். கையுறை போடாமல் தொட்டுப் பார்த்திருந்தேன்.

ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் என் விரல் கொஞ்சம் நடுங்கும். யாரும் பார்க்காதபடி திரும்பி நின்றுதான் பிரிப்பேன். பதிவேட்டு அக்கா மட்டும் பார்த்துவிடுவார். உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு ஆணிகூட வெளியே போகாது. ஒருமுறை மறந்து அவர் மேசையில் வைத்த என் மூக்குக் கண்ணாடிக்கு எண் ஒட்டிவிட்டார். அதைத் திரும்ப வாங்க நான் விண்ணப்பம் எழுதினேன். கண்ணாடி இல்லாமல் எழுதியதால் இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது.

நாற்பத்திரண்டாவது பொட்டலத்தை ஒரு திங்கட்கிழமை காலை என் மனைவியின் அண்ணனே கொண்டுவந்தார்.

மச்சான் பேருந்து ஓட்டுநர். பத்தொன்பது வருடம், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. பேச்சும் கிட்டத்தட்ட கிடையாது. என் கல்யாணத்தில் அவர் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம், “உங்க கார் பின் டயர்ல காத்து கம்மி, மாப்பிள்ளை” என்பது. அப்படிப்பட்டவர் சீருடை இல்லாமல், கையில் ஒரு துணிப்பையோடு, சோப்பு வாசனையோடு என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“என்ன மச்சான், வேலை நாள்ல?”

“வண்டி குடுக்கலை மாப்பிள்ளை. டிப்போவுல சக்கரம் கழுவறேன். பத்து நாளாச்சு. தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லலை.”

“ஏன், என்ன ஆச்சு?”

அவர் தன் வாழ்நாளிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார்.

“அன்னைக்கு வியாழக்கிழமை. சாயங்காலம் ஏழு பன்னெண்டு. நேர் ரோடு, ரெண்டு பக்கமும் அறுத்து முடிச்ச வயல். இருட்டிக்கிட்டு வருது. திடீர்னு மேல வெள்ளையா ஒரு வெளிச்சம். நேரா பார்க்க முடியலை, அப்படி ஒரு வெளிச்சம். சத்தம் துளிகூட இல்லை. நிக்கிற மாதிரியே இருந்துச்சு, ஆனா மெதுவா இறங்குது. பஸ்ஸுக்குள்ள சீட்டு நிழல், கம்பி நிழல் எல்லாம் தொட்டில் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடுது. ரோடு எது, பள்ளம் எதுன்னு தெரியலை. உள்ள முப்பத்தொரு பேர். நிறுத்திட்டேன்.”

என் விரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

“வெளிச்சத்துக்கு மேல ஏதாவது தெரிஞ்சுதா மச்சான்? வட்டமா? ஜன்னல் மாதிரி?”

“ஜன்னல் எல்லாம் இல்லை. மேல வெளிர்னு ஏதோ இருந்துச்சு, குடையை விரிச்ச மாதிரி. ஒரு தடவைதான் கண்ணுல பட்டுது. அடிச்சுச் சொல்ல மாட்டேன். அப்புறம் வயல்ல இறங்கி அணைஞ்சு போச்சு. ஏழு பதினஞ்சு. வண்டியை எடுத்துட்டேன்.”

முப்பத்தொரு பயணிகளில் பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் கைபேசி. வெளிச்சத்தைக் கவனித்த இரண்டு மூன்று பேரும் எதிரே வந்த லாரி என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் அக்கறையாகப் புகார் எழுதிப் போட்டார்: ஓட்டுநர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுவே பெரிய விஷயமாகியிருக்காது. ஆனால் மச்சான் பயணப் பதிவுத் தாளில் தன் கைப்பட எழுதியிருந்தார்: ‘7.12, வானில் கடும் வெளிச்சம், வண்டி நிறுத்தம். 7.15, வெளிச்சம் அணைந்தது, வண்டி புறப்பாடு.’

“மேனேஜர் நல்ல மனுஷன்தான். ‘டயர் பார்க்க நிறுத்தினேன்னு மாத்தி எழுதிக் குடுய்யா, இன்னைக்கே முடிச்சு விடறேன்’னார்.”

“எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?”

மச்சான் என்னை அப்பாவியாகப் பார்த்தார். “நான் டயர் பார்க்கலையே மாப்பிள்ளை.”

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணை. குடித்திருந்தார், அல்லது இல்லாததைப் பார்க்கிறார், இரண்டில் ஒன்று என்று முடிவானால் இனி அவர் கையில் வண்டி தரமாட்டார்கள். ஓய்வு பெற இன்னும் பதினோரு வருடம். பதினோரு வருடமும் சக்கரம் கழுவ வேண்டியதுதான். டிப்போவில் அதற்குள் அவருக்கும் ‘தட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர்.

“அது என்னன்னு நீங்க கண்டுபிடிக்க வேண்டாம்” என்றார். “அங்க ஏதோ ஒண்ணு நிஜமா இருந்துச்சுன்னு மட்டும் சொல்ல முடியுமா பாருங்க. அது போதும்.”

துணிப்பையிலிருந்து நான்கு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்து வரிசையாக வைத்தார். மறுநாள் விடிந்ததும் அந்த வயலுக்குப் போயிருக்கிறார். இரண்டு ஆள் படுக்கும் அகலத்துக்கு வட்டமாகக் கருகியிருந்ததாம். முதல் டப்பாவில் உருகி இறுகிய உலோகக் கட்டி ஒன்று. இரண்டாவதில் வெள்ளைச் சாம்பல். மூன்றாவதில் வட்டத்துக்குள் எடுத்த மண். நான்காவதிலும் மண்.

“இது எதுக்கு?”

“இது வட்டத்துக்கு வெளியே, நாப்பது அடி தள்ளி எடுத்தது. ரெண்டையும் வெச்சுப் பார்த்தாத்தானே வித்தியாசம் தெரியும்? டீசல்ல கலப்படம்னு சந்தேகம் வந்தா, வேற பங்க்லயும் ஒரு பாட்டில் பிடிச்சுப் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்ல, அந்த மாதிரி.”

இதற்கு ஒப்பீட்டு மாதிரி என்று பெயர். இதைப் பற்றி ஆண்டுதோறும் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கிறேன். அந்த வகுப்பை எடுக்கும் ஆள் அன்று என்ன செய்தேன் என்றால், “சரி சரி” என்று தலையாட்டிவிட்டு நான்காவது டப்பாவை மேசைக்கு அடியில் தள்ளினேன். வெறும் மண். எனக்கு வேண்டியது அந்த உலோகம். பதிவேட்டு அக்கா குனிந்து அதை எடுத்து, துடைத்து, மற்ற மூன்றோடு சேர்த்து எண் ஒட்டினார். “நாலு வந்துச்சு தம்பி. நாலுதான் எழுதுவேன்” என்றார்.

செவ்வாய்க்கிழமை உலோகத்தை அறுத்தேன். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைப்பதற்கு முன்னால் அறுத்த முகத்தைச் சுழலும் சக்கரத்தில் தேய்த்துக் கண்ணாடி மாதிரி மெருகேற்ற வேண்டும். உலோகத்துக்கான சக்கரத்தில் காலையிலிருந்து ஒரு பாலத்தின் கம்பிகள் வரிசையில் நின்றன. நாற்பத்திரண்டாவது மாதிரி கையில் இருக்கும்போது பாலமாவது ஒன்றாவது! பக்கத்தில் சும்மா கிடந்த கண்ணாடி தேய்க்கும் சக்கரத்தில் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்தேன்.

திரையில் அலுமினியம் தெரிந்தது. எதிர்பார்த்ததுதான். அதற்குள் புள்ளி புள்ளியாக சீரியம் தெரிந்தது. பக்கத்திலேயே லாந்தனம். இரண்டும் அரிய தனிமங்கள். இந்த மாதிரிக் கலவையில் அலுமினியம் செய்கிற தொழிற்சாலை எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. எழுந்து கதவைச் சாத்தினேன். ஐம்பத்திரண்டு வயதில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சின்னக் குதி குதித்தேன். முழங்கால் சத்தம் போட்டது.

அன்று மாலை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணன் சக்கரம் கழுவுவதைக் கேட்டு முதலில் அழுதாள்; வெங்காயமா அண்ணனா என்று பிரித்தறிய முடியவில்லை. பிறகு சீரியம் பற்றிக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்போ எங்க அண்ணன் சொன்னது நிஜம்!”

“நிஜம் மட்டுமா? இந்தப் பூமியிலயே இல்லாத கலவை.”

“நீங்க சொல்றீங்களா, உங்க மிஷின் சொல்லுதா?”

“ரெண்டும்தான்.”

“யார்கிட்டயும் சொல்லக் கூடாதா?”

“வெள்ளிக்கிழமை விசாரணை முடியற வரைக்கும் மூச்சு விடாதே.”

என் மனைவி ரகசியத்தை மதிப்பவள். அதனால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லாமல், குடும்பத்தினர் பதினேழு பேரும் இருக்கும் கைபேசிக் குழுவில் ஒரே தடவை சொல்லிவிட்டாள். ‘பூமியில் இல்லாத உலோகம்! மாப்பிள்ளையே சோதித்துச் சொல்லிவிட்டார்!’ அரை மணி நேரத்தில் மச்சானிடமிருந்து அழைப்பு.

“நல்லாப் பார்த்துட்டீங்களா மாப்பிள்ளை?”

“நூத்துக்கு நூறு.”

“நான் பார்த்தது வெளிச்சம் மட்டும்தான். அதை நான் தட்டுன்னு சொல்லவே இல்லை.”

“நீங்க சொல்ல வேண்டாம், நான் சொல்றேன்” என்றேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.

குழுவிலிருந்து அந்தச் செய்தி எப்படியோ டிப்போவுக்குப் போனது. மறுநாள் மச்சானின் சக்கரம் கழுவும் குழாயடியில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கட்டித் தொங்கவிட்டு, ‘மேலே செல்லும் வண்டி இங்கே நிற்கும்’ என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். அது பரவாயில்லை. விசாரணைக் கோப்பிலும் அந்தச் செய்தியின் நகல் ஏறிவிட்டது. அதுவரை ஓட்டுநருக்கு மட்டும் கோளாறு என்று சந்தேகப்பட்டவர்கள், இப்போது குடும்பத்துக்கே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை அக்கா ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். ஒவ்வொரு சக்கரத்திலும் யார், எப்போது, எதைத் தேய்த்தார்கள் என்று எழுத வேண்டிய நோட்டு.

“உலகப் புகழ் வந்துடுச்சாமே, தம்பி.”

“எல்லாம் உங்க ஆசீர்வாதம்க்கா.”

“செவ்வாய்க்கிழமை முழுக்க உலோகச் சக்கரத்துல பாலத்துக் கம்பின்னு எழுதியிருக்கு. நடுவுல இடைவெளியே இல்லை. நீங்க உங்க தட்டை எதுல தேய்ச்சீங்க?”

கண்ணாடிச் சக்கரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி தேய்க்கும் சக்கரத்தில் நாங்கள் போடுவது இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பொடி. அது சீரியம் ஆக்சைடு. கொஞ்சம் லாந்தனமும் கலந்திருக்கும். அலுமினியமோ மெத்தென்ற உலோகம். அழுத்தித் தேய்த்தால் பொடி உள்ளே போய்ப் புதைந்துகொள்ளும்.

“இருக்காதுக்கா” என்றேன்.

“இருக்காதுன்னா செய்து பார்த்துடலாமே.”

கூடத்தில் டீ போடும் மேடையிலிருந்து எங்கள் கெட்டிலின் அலுமினிய மூடியை எடுத்துவந்தோம். ஒரு ஓரத்தை அறுத்து, அதே சக்கரத்தில் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தேன். சீரியம். லாந்தனம். புள்ளி புள்ளியாக, அதே அழகில். ஒன்பது வருடமாக நாங்கள் தினமும் இரண்டு வேளை வேற்றுலகக் கெட்டிலில் டீ குடித்திருக்கிறோம்.

அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “போய் அவர்கிட்ட நேர்ல சொல்லிட்டு வாங்க. போன்ல சொல்லாதீங்க” என்றார்.

டிப்போவின் பின்பக்கம் மச்சான் ஒரு பேருந்தின் பின் சக்கரத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த சக்கரங்கள் புதுசு மாதிரி வரிசையாக நின்றன. அந்த எவர்சில்வர் தட்டை அவர் கழற்றி எறியவில்லை. அதில் சோப்பு வைத்திருந்தார். நான் கெட்டில் மூடி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் குழாயை மூடினார்.

“அப்போ நான் பார்த்தது இல்லைன்னு ஆயிடுச்சா?”

“இல்லை மச்சான். நீங்க பார்த்ததுக்கு ஒண்ணும் ஆகலை. நான் பார்த்ததுதான் தப்பு.”

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருந்தேன்.

“அந்த நாலாவது டப்பா என்ன சொல்லுது மாப்பிள்ளை?” என்றார்.

“அதை… இன்னும் திறக்கலை மச்சான்.”

“திறங்க” என்றார். மறுபடி குழாயைத் திறந்தார்.

விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. இந்த முறை அக்காதான் எல்லாவற்றையும் நடத்தினார். “நீங்க சொந்தக்காரர். உங்க கையெழுத்து இதுல இருக்கவே கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒவ்வொரு டப்பாவையும் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியைப் புது எண்களோடு, எது எங்கே எடுத்தது என்ற விவரமே இல்லாமல், இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேறொரு கூடத்துக்கு அனுப்பினார். மற்ற பாதியையும் எண்களை மாற்றி ஒட்டித்தான் என்னிடம் கொடுத்தார். எந்த மண் வட்டத்துக்குள் எடுத்தது, எது வெளியே எடுத்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அந்தத் தாளை உறையில் போட்டு ஒட்டி, உறைக்கும் ஒரு எண் போட்டார்.

மண்ணை அமிலத்தில் கரைத்தேன். வடிகட்டினேன். கரைசலைச் சுடருக்குள் தெளித்து, எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தேன். ஒரே அளவை மூன்று தடவை எடுத்தேன். நடுநடுவே வெறும் தண்ணீரையும் தெளித்துக் கருவி பொய் சொல்லவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன். விரல் நடுங்கவில்லை. ஆசைப்படுவதற்கு நேரமில்லை என்றால் நானும் ஒழுங்கான ஆள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த புதன்கிழமை மதியம் வெளியூர் முடிவும் வந்தது. அக்கா உறையைக் கிழித்தார். இரண்டு கூடங்களும் ஒரே மண்ணைத்தான் சுட்டியிருந்தன: வட்டத்துக்குள் எடுத்த மண்ணில் மக்னீசியம் பதினோரு மடங்கு, சோடியம் ஒன்பது மடங்கு. எதைவிட? நாற்பது அடி தள்ளி எடுத்த அந்த வெறும் மண்ணைவிட. அது இல்லாமல் போயிருந்தால், ‘அந்த வயல் மண்ணே அப்படித்தான்’ என்று ஒருவர் சொன்னால் எங்களிடம் பதில் இருந்திருக்காது. வெள்ளைச் சாம்பல், எரிந்த மக்னீசியம். உலோகத்தைப் புதிதாக அறுத்து, சரியான சக்கரத்தில் தேய்த்துப் பார்த்ததில் சாதாரண அலுமினியத் தகடு. உருகிய ஒரு குழலின் மிச்சம்.

மக்னீசியமும் சோடிய உப்பும் சேர்த்து இறுக்கிய மருந்தை அலுமினியக் குழலில் அடைத்து, சின்ன பாராசூட்டில் கட்டி விமானத்திலிருந்து போடுவார்கள். கடலிலோ காட்டிலோ காணாமல் போனவர்களைத் தேடுவதற்கான வெளிச்சக் குழல். அதைத் தயாரிப்பவர்களின் விவரக் குறிப்பு ஒன்றைத் தேடி எடுத்தேன். சத்தமில்லாமல் எரியும். மெதுவாக இறங்கும். பாராசூட்டுக்கு அடியில் தொங்குவதால் ஊசலாடும்; கீழே நிழல்களும் ஆடும். எரியும் நேரம், ஏறத்தாழ மூன்று நிமிடம்.

அந்தப் பக்கத்தையும் மச்சானின் பயணப் பதிவுத் தாளின் நகலையும் அருகருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குறிப்பை எழுதியவர் மச்சானின் பேருந்தில் முன் சீட்டில் உட்கார்ந்து எழுதியது மாதிரி இருந்தது. குடை, தொட்டில் ஆட்டம், ஏழு பன்னிரண்டு, ஏழு பதினைந்து. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, ஒரு வார்த்தை குறையவும் இல்லை.

வேற்றுலகம் இந்த முறையும் வரவில்லை. அதற்கு ஒரு பெருமூச்சு விட்டேன், மறைக்கவில்லை. ஆனால் நாற்பத்தொரு பொட்டலங்களோடு வந்த நாற்பத்தொரு பேரையும் நினைத்துப் பார்த்தேன். வெளிச்சம் மூன்று மாடி உயரம் என்றவர், தன்னைப் பத்து மைல் துரத்தியது என்றவர், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது என்றவர். எல்லோரும் நல்லவர்கள்தான், எல்லோரும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார்கள். பார்த்ததை மட்டும் பார்த்த அளவுக்கு மட்டும் சொன்ன ஒரு சாட்சிக்காகத்தான் இருபத்திரண்டு வருடமாகக் காத்திருந்தேன் போலிருக்கிறது. அவர் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை விசாரணை, டிப்போவின் மாடி அறையில். நீள மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி அம்மா, பக்கத்தில் மேனேஜர். இந்தப் பக்கம் மச்சான், சலவை செய்த சீருடையில். அறிக்கையை விளக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி கோப்பைப் புரட்டிக் குடும்பக் குழுச் செய்தியின் நகலை எடுத்தார்.

“பூமியில இல்லாத உலோகம்னு சொன்னது நீங்கதானே?”

“ஆமா மேடம்.”

“இப்போ இல்லைன்னு சொல்றதும் நீங்கதானே?”

“ஆமா மேடம்.”

“இதுல எந்த உங்களை நான் நம்பறது?”

“ரெண்டு பேரையும் நம்ப வேண்டாம் மேடம். இந்த அறிக்கையில என் கையெழுத்தே இல்லை. ரெண்டு கூடம், ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் எது எங்க எடுத்த மண்ணுன்னு தெரியாது.” பிறகு கெட்டில் மூடிக் கதையையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஏழு பன்னிரண்டை மாற்றி எழுத மறுத்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எதையும் விட்டுச் சொல்ல வாய் வரவில்லை. மேனேஜர் குனிந்து பேனாவைத் தேடினார். அவர் தோள் குலுங்கியது. அதிகாரி உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

“இதை யார் மேல இருந்து போட்டாங்க?”

“தெரியலை மேடம். தேடுறதுக்கு விமானம் அனுப்புற ரெண்டு அலுவலகத்துக்கு எழுதினோம். ஒண்ணுல இருந்து இன்னும் பதில் வரலை. இன்னொண்ணு அவங்க இல்லைன்னு சொல்லிட்டாங்க. பாராசூட் துணியும் கிடைக்கலை. தெரியாதுன்னே அறிக்கையில எழுதியிருக்கு.”

அவர் அறிக்கையையும் பயணப் பதிவுத் தாளையும் விரல் வைத்து வரிவரியாக ஒப்பிட்டார். நேரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார்.

“இந்த அறிக்கை வரலைன்னு வெச்சுக்குவோம். டயர் பார்த்தேன்னு எழுதிக் குடுத்திருப்பீங்களா?”

“இல்லைங்க மேடம்.”

“பதினோரு வருஷம் சக்கரம் கழுவியிருப்பீங்களா?”

“சக்கரம் நல்லாத்தான் கழுவறேன் மேடம். சார்கிட்ட கேட்டுப் பாருங்க.”

மேனேஜர் தன்னை அறியாமல் தலையாட்டினார்.

“சரி. நாளைக்கே அதே மாதிரி ஒரு வெளிச்சம் வந்தா என்ன செய்வீங்க?”

மேனேஜர் அதிகாரிக்குத் தெரியாமல் மச்சானுக்குக் கண்ணைக் காட்டினார். நானும் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். ‘நிறுத்தாமல் ஓட்டிப் போவேன்’ என்ற மூன்று வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும்.

“நிறுத்துவேன் மேடம்” என்றார் மச்சான். “ரோடு தெரியலைன்னா நிறுத்தித்தான் ஆகணும். நிறுத்திட்டு, எழுதுவேன்.”

அதிகாரி பேனாவை எடுத்தார். நிதானமாக எழுதினார். எழுதியதை, யாரும் கேட்காமலே, சத்தமாகப் படித்தார்.

“ஓட்டுநர் பதிவுத் தாளில் எழுதியது உண்மை. பயணிகள் பாதுகாப்புக்காக வண்டியை நிறுத்தியது சரி. அவருடைய வண்டியை அவரிடமே ஒப்படைக்கவும்.”

என் மார்பு சட்டைப் பொத்தான்களைச் சோதித்தது. இத்தனைக்கும் அந்தத் தாளில் என் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

டிப்போ வாசலில் மனைவி காத்திருந்தாள். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனை. அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அதில் எதையும் படிக்க முடியாது என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியுமே. என் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை வெங்காயம் இல்லை.

“அண்ணே!”

“விடு, விடு. சட்டை கசங்கிடும். நாளைக்கு வண்டி எடுக்கணும்” என்றார் மச்சான். ஆனால் அவளை விலக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை, எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லாத நான், அவருடைய பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்தேன். மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், தலையை அசைத்தார், அவ்வளவுதான். மணி பார்த்தார், பதிவுத் தாளில் எழுதினார், வண்டியை எடுத்தார். திருப்பத்தில் ஒரு உலுக்கல் இல்லை. நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாவின் கூடையிலிருந்து ஒரு தக்காளிகூட உருளவில்லை.

பக்கத்துச் சீட்டில் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“டிரைவர் என் மச்சான்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “யாரு, அந்தத் தட்டு பார்த்தவரா?”

“அவர் தட்டு எதையும் பார்க்கலைங்க. வெளிச்சம் பார்த்தார். மூணு நிமிஷம். ரெண்டு பரிசோதனைக் கூடம் தனித்தனியா சோதிச்சு, அவர் சொன்னது அத்தனையும் சரின்னு சொல்லியிருக்கு. விசாரணை அதிகாரி கைப்பட எழுதியிருக்காங்க. இப்போ மக்னீசியம்னு எடுத்துக்கோங்க…”

மக்னீசியத்தில் தொடங்கி சோடியத்துக்கு வந்து, ஒப்பீட்டு மாதிரியை எடுப்பதில் ஒரு பேருந்து ஓட்டுநருக்கு இருந்த அறிவு இருபத்திரண்டு வருட அனுபவசாலி ஒருவனுக்கு எப்படி இல்லாமல் போனது என்ற இடத்தை நான் நெருங்கியபோது, அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அங்கேயே அடுத்த பேருந்துக்குக் காத்து நின்றார்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வண்டியில் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள்.